ஒருவரிடம் இயல்பாகவே தலைமைப் பண்பு இருக்கிறதா? எந்த அன்றாடப் பழக்கத்தைப் பார்த்துச் சொல்வீர்கள்?

நடைவண்டி எழுதியது:

நண்பர்களே, வணக்கம். எங்கள் குழுவுக்குப் புதிய பொறுப்பாளர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், என் கருத்தையும் கேட்டிருக்கிறார்கள். படிப்பு, அனுபவம், வேலைத் திறமை எல்லாவற்றிலும் ஏறக்குறைய சமமாக இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் மீட்டிங்கில் கேள்வி விழுந்த மாத்திரத்தில் பதில் சொல்லிவிடுவார். நல்ல பேச்சு, நல்ல தெளிவு. இன்னொருவர் அவ்வளவு பேச மாட்டார்.

பேசாதவரைப் பற்றி நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சமீபத்தில் குழுவுக்கு ஒரு புதியவர் வந்தார். மீட்டிங்கில் நாங்கள் எல்லாரும் எங்களுக்குள் புழங்கும் சுருக்கப் பெயர்களிலேயே பேசிக்கொண்டிருந்தோம். புதியவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், ஆனால் நோட்டில் பேனா நகரவில்லை. இவர் தன் முறை வந்தபோது ஒவ்வொரு சுருக்கத்தையும் முழுப் பெயராகச் சொல்லி, ஒரு வரி விளக்கமும் சேர்த்துப் பேசினார். புதியவருக்குப் புரியவில்லை என்று யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. பேனா ஓட ஆரம்பித்தது.

எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. ஆனால் அது நல்ல குணம் மட்டுமா, தலைமைப் பண்பா? நீங்கள் ஒருவரிடம் எதைப் பார்ப்பீர்கள்?

மாலைநேரம் எழுதியது:

நல்ல குணம் வேறு, தலைமை வேறு என்பது என் கட்சி. பொறுப்பில் இருப்பவர் பேசித்தான் ஆகவேண்டும். மேலிடத்தில் போய்க் குழுவுக்காக வாதாட வேண்டும், குழப்பமான நேரத்தில் 'இதுதான் வழி, வாருங்கள்' என்று சொல்ல வேண்டும். கேட்ட உடனே பதில் சொல்கிறவர் என்றால் அவர் விஷயத்தை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். என் ஓட்டு முதலாமவருக்குத்தான்.

நூலேணி எழுதியது:

மாலைநேரம், அதிகம் பேசுகிறவரை நாம் தலைவர் என்று நினைத்துக்கொள்கிறோம் என்பது உண்மைதான். அதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். மக்லாரனும் அவருடைய குழுவினரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், பலரைச் சிறு குழுக்களாக உட்காரவைத்து ஒரு வேலையைக் கொடுத்தார்கள். கடைசியில் 'உங்கள் குழுவில் தலைவராக இருந்தது யார்' என்று கேட்டபோது, அதிக நேரம் பேசியவர்களுக்கே அதிக ஓட்டு. அறிவுத்திறன், சுபாவம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் பேசிய நேரத்தின் செல்வாக்கு மறையவில்லை. அதாவது நம் கண்ணுக்கு யார் தலைவராகத் தெரிகிறார் என்பதைத்தான் அது சொல்கிறது. அவரால் குழு நன்றாக வேலை செய்யுமா என்பது தனிக் கேள்வி.

அந்தத் தனிக் கேள்விக்கு 2010-இல் வூல்லியும் குழுவினரும் செய்த ஆய்வைப் பார்க்கலாம். 699 பேரைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பலவகை வேலைகளைக் கொடுத்தார்கள். குழுவில் மிகப் பெரிய அறிவாளி ஒருவர் இருப்பது அவ்வளவாக உதவவில்லை. பேச்சு ஒரு சிலரிடமே தேங்காமல் எல்லாரிடமும் சுற்றி வந்த குழுக்களும், அடுத்தவர் முகத்தைப் பார்த்து மனதை ஊகிக்கத் தெரிந்தவர்கள் இருந்த குழுக்களும்தான் நன்றாகச் செய்தன. நடைவண்டி சொன்ன 'பேனா நகரவில்லை' என்பதைக் கவனித்த கண் இந்த இரண்டாவது ரகம்.

நான் பார்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் குறுக்கே புகுந்து பேச்சு வேறு பக்கம் போய்விடும். முதலில் பேசியவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரம் கழித்து, 'நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்களே, அதை முடியுங்கள்' என்று சொல்கிறவர் யார்? குறுக்கே வந்தவரைக் கண்டிக்காமல், பறிபோன வாக்கியத்தை உரியவரிடம் திருப்பிக் கொடுக்கிறவர். அவரிடம் ஒரு குழுவைத் தைரியமாகக் கொடுக்கலாம்.

தனிமரம் எழுதியது:

நான் கூச்ச சுபாவம் உள்ளவன். நூலேணி எழுதியதைப் படிக்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் 'இயல்பாகவே' என்று தலைப்பில் இருப்பது உறுத்துகிறது. இது பிறவியிலேயே வரவேண்டியது என்றால், இல்லாதவர்கள் முயன்று என்ன பயன்?

வார்டுவிளக்கு எழுதியது:

செவிலியராகப் பல வருடம் வேலை பார்த்து, இப்போது மற்ற செவிலியர்களை மேற்பார்வை செய்கிறேன். என் அனுபவத்தில் ஒரே ஒரு சோதனைதான். கெட்ட செய்தி யாரிடம் முதலில் போகிறது?

மருந்து மாறிப்போயிற்று, அளவு தப்பிவிட்டது, நரம்பில் ஏற்றும் சொட்டு மருந்து வேகமாக ஓடிவிட்டது. இப்படி ஒன்று நடந்தால் பயிற்சிக்கு வந்த சின்னப் பெண் எங்கே ஓடுகிறாள் என்று பாருங்கள். பதவியில் இருப்பவரிடம் போக மாட்டாள். பக்கத்துக் கட்டிலில் வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு சீனியரிடம் போவாள். அந்த சீனியர் முதலில் 'நோயாளி எப்படி இருக்கிறார்?' என்று கேட்பார். அடுத்து 'டாக்டரிடம் சொல்வோம், நானும் வருகிறேன்' என்பார். 'எப்படி இப்படிச் செய்தாய்?' என்பது மூன்றாவதாகத்தான் வரும், அதுவும் வார்டு அமைதியான பிறகு, தனியாக. இந்த வரிசை மாறாமல் இருப்பவர்தான் தலைவர். அவருக்குப் பட்டம் எதுவும் வேண்டாம், ஏற்கெனவே அவர் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆராய்ச்சியாளர் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கு நேர்மாறாக வந்தது, நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. நுணுகிப் பார்த்தபோது, அங்கே தவறுகளை வெளியே சொல்ல யாரும் பயப்படவில்லை என்று தெரிந்தது. பயம் இருந்த வார்டுகளில் தவறு நடந்தாலும் ஏட்டில் ஏறவில்லை. ஆகவே 'என் குழுவில் பிரச்சினையே வருவதில்லை' என்று ஒருவர் சொன்னால் நான் உடனே நம்ப மாட்டேன்.

இன்னொன்று. அறுவை சிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் 2008-இல் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. கத்தி வைப்பதற்கு முன்னால் அறையில் உள்ள எல்லாரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்லவேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. எட்டு மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலை நடைமுறைப்படுத்திப் பார்த்தபோது, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009-இல் வெளியிட்டார்கள். பெயர் சொன்னதால் மட்டும் குறைந்தது என்று நான் சொல்ல வரவில்லை, பட்டியலில் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் ஒருமுறை வாயைத் திறந்து தன் பெயரைச் சொன்னவர், பிறகு ஏதாவது சரியில்லை என்று பட்டால் இன்னொரு முறை வாயைத் திறப்பார். அறைக்குள் வந்ததும் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் உள்ளவர்களை நான் மனதில் குறித்துக்கொள்வேன். துப்புரவு செய்ய வருகிறவரையும் சேர்த்துத்தான் எல்லாரும் என்கிறேன்.

இரும்புத்துகள் எழுதியது:

அக்கா சொன்னது தொழிற்சாலைக்கும் அப்படியே பொருந்தும். டொயோட்டா தொழிற்சாலைகளில் வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் கோளாறு கண்டால் ஒரு கயிற்றை இழுக்கலாம். குழுப் பொறுப்பாளர் உடனே அங்கே வரவேண்டும், சரிசெய்ய முடியாவிட்டால் வரிசையே நிற்கும். கயிறு எங்கே வேண்டுமானாலும் கட்டிவிடலாம். இழுத்தவன் முகத்தைப் பொறுப்பாளர் எப்படிப் பார்க்கிறார் என்பதில்தான் அடுத்த முறை அது இழுக்கப்படுமா என்பது இருக்கிறது.

நான் பார்ப்பது வேறொரு பழக்கம். யாருக்கும் ஒதுக்கப்படாத வேலையை யார் எடுத்துச் செய்கிறார்? தரையில் எண்ணெய் சிந்திக் கிடக்கும், பத்துப் பேர் தாண்டிப் போவார்கள், ஒருவர் நின்று துடைப்பார். ஷிஃப்ட் மாறும்போது கருவிகளை அதனதன் இடத்தில் வைத்து, 'மூன்றாவது மெஷினில் சத்தம் கேட்கிறது, ஒரு கண் வையுங்கள்' என்று அடுத்து வருகிறவருக்குச் சொல்லிவிட்டுப் போவார். சொல்லிக் கொடுத்து வருவதில்லை இது.

கணக்குநோட்டு எழுதியது:

இரும்புத்துகள், இதில் எனக்குக் கடுமையான மறுப்பு உண்டு. ஒதுக்கப்படாத வேலையை எடுத்துச் செய்கிறவர்களை அலுவலகங்கள் தலைவராக்குவதில்லை, அந்த வேலையிலேயே நிரந்தரமாக வைத்துவிடுகின்றன. மீட்டிங் குறிப்பு எடுப்பது, பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவது, புதியவருக்கு இடம் காட்டுவது. இவற்றைப் பெரும்பாலும் யார் செய்கிறார்கள் என்று உங்கள் அலுவலகத்தில் ஒரு வாரம் கவனியுங்கள்.

2017-இல் பாப்காக், வெஸ்டர்லண்ட் உள்ளிட்டோர் இதை ஆராய்ந்து எழுதினார்கள். மூன்று பேர் கொண்ட குழு, இரண்டு நிமிடம். யாராவது ஒருவர் முன்வந்து பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியவருக்கு மற்ற இருவரையும்விடக் குறைந்த தொகைதான் கிடைக்கும், யாருமே அழுத்தாவிட்டால் மூவருக்கும் அதைவிடவும் குறைவு. ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பெண்கள் முன்வருவது ஆண்களைவிட 48 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆனால் ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்களில் ஆண்கள் தாராளமாக முன்வந்தார்கள்! பெண்ணுக்கு இயல்பிலேயே சேவை மனம் என்பதற்கு இதில் ஆதாரம் இல்லை. பெண் இருந்தால் அவள் பார்த்துக்கொள்வாள் என்ற எதிர்பார்ப்புதான் வேலை செய்கிறது. அந்த எதிர்பார்ப்பைத் தலைமைப் பண்பு என்று பெயர் சூட்டிக் கொண்டாடாதீர்கள்.

இரும்புத்துகள் எழுதியது:

நியாயமான பேச்சு. நான் சொல்ல வந்ததை இன்னும் கூர்மையாகச் சொல்கிறேன். எண்ணெயைத் துடைப்பது நல்ல தொழிலாளியின் பழக்கம். துடைத்துவிட்டு, 'இது தினமும் எங்கிருந்து சிந்துகிறது? இதைப் பார்ப்பது யார் பொறுப்பு? இனிமேல் முறை வைத்துக்கொள்வோமா?' என்று கேட்பது தலைவரின் பழக்கம். அனாதையாகக் கிடக்கும் வேலைக்குச் சொந்தக்காரரை ஏற்படுத்துகிறவர். எல்லாவற்றையும் தன் தலையிலேயே சுமந்துகொள்கிறவர் நல்லவர்தான், ஆனால் அவர் ஒருநாள் விடுப்பு எடுத்தால் எல்லாம் நின்றுவிடும்.

கணக்குநோட்டு எழுதியது:

இப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். இத்துடன் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குறிப்பு எடுக்க யார் என்ற கேள்வி வந்ததும் எல்லாரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்க்கும்போது, 'போன தடவை அவர் எடுத்தார், இந்தத் தடவை நான் எடுக்கிறேன், அடுத்தது நீங்கள்' என்று சொல்கிறவர். மிகச் சிறிய செயல், பத்து நொடிகூட ஆகாது.

நூலேணி எழுதியது:

கிளையாகப் போகிறது, ஆனாலும் தொடர்புடையதுதான். 1968-இல் லட்டானேயும் டார்லியும் நடத்திய புகை சோதனை. படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும் அறைக்குள் சுவர்த் துளை வழியாகப் புகை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே போய்ச் சொன்னார்கள். அசையாமல் உட்காரும்படி முன்பே சொல்லிவைக்கப்பட்ட இருவர் கூட இருந்தபோது, எழுந்து போய்ச் சொன்னவர்கள் 10 சதவீதம் மட்டுமே. மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, புகையைக் கையால் விலக்கிவிட்டுப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாரும் பேசாமல் இருக்கும்போது 'எனக்கு மட்டும்தான் இது சரியில்லை என்று படுகிறதா?' என்று முதலில் கேட்கிறவர் அந்த 10 சதவீதம்.

தனிமரம், உங்கள் கேள்விக்கும் பதில் சொல்லவேண்டும். இரட்டையர்களை வைத்து ஆர்வியும் குழுவினரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, யார் தலைமைப் பொறுப்புகளுக்கு வருகிறார்கள் என்பதில் மனிதர்களுக்கிடையே இருக்கும் வேறுபாட்டில் சுமார் 30 சதவீதம் மரபணு சார்ந்தது. மீதிப் பெரும்பகுதி வளர்ப்பு, வாய்ப்பு, அனுபவம் என்று வெளியிலிருந்து வருவது. அது அளந்ததும் பதவிக்கு வருவதைத்தான், பதவியை நன்றாகச் செய்வதை இல்லை. 'இயல்பாக' என்றால் பிறவியில் வந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். யாரும் சொல்லாமலே செய்வது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பழகப் பழக அப்படி ஆகிவிடும்.

வெண்பலகை எழுதியது:

ஆசிரியர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. பிள்ளைகள் விளையாடும்போது இது பளிச்சென்று தெரியும். ஒரு பிள்ளை சத்தம் போட்டு அணி பிரிக்கும். இன்னொரு பிள்ளை, ஓட முடியாத ஒருவன் ஓரமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, அவனும் சேரும்படி விளையாட்டின் விதியையே கொஞ்சம் மாற்றும். 'இவனுக்கு மட்டும் கோடு கிட்டத்தில்.' மற்றவர்கள் முணுமுணுப்பார்கள், அப்புறம் சரி என்பார்கள். அந்தச் 'சரி'யை வாங்கத் தெரிவதுதான் விஷயம்.

கர்ட் லெவினும் லிப்பிட்டும் வைட்டும் 1939-இல் வெளியிட்ட பழைய சோதனை ஒன்று இருக்கிறது. பத்து வயதையொட்டிய சிறுவர்களைக் கைவேலைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும் பெரியவர் ஒருவரை வைத்தார்கள். அதட்டி வேலை வாங்கியவரிடம் வேலை நன்றாகவே நடந்தது, அவர் அறையில் இருக்கும்வரை. அவர் வெளியே போனதும் படுத்துவிட்டது. கலந்து பேசி முடிவெடுத்தவரின் குழு அவர் வெளியே போனபோதும் ஏறக்குறைய அதே மாதிரி வேலையைத் தொடர்ந்தது. நடைவண்டி, நீங்கள் சொன்ன அந்த இருவரும் விடுப்பில் இருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். யார் இல்லாதபோது வேலை நின்றது, யார் இல்லாதபோதும் மற்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருந்தது? தான் இல்லாவிட்டால் வேலை நின்றுபோகிறவரை முக்கியமானவர் என்று நினைத்துக்கொள்வது நிர்வாகங்கள் வழக்கமாகச் செய்வது.

மாலைநேரம் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் ஒன்றை யாருமே தொடவில்லை. எல்லாரையும் பேசவிட்டு, எல்லாருடைய வாக்கியத்தையும் திருப்பிக் கொடுத்து, கடைசிவரை முடிவே எடுக்காத நல்லவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கீழே வேலை செய்வது அதட்டுகிறவரிடம் வேலை செய்வதைவிடக் கொடுமை. திங்கட்கிழமை ஒன்று, புதன்கிழமை ஒன்று, யார் கடைசியாக அறையிலிருந்து வந்தாரோ அவர் சொன்னது. நெருக்கடியில் ஓட்டெடுப்பு நடத்த முடியாது. தீர்மானமாக ஒன்றைச் சொல்லி, அது தவறிப்போனால் 'முடிவு என்னுடையது' என்று நிற்கிற பழக்கமும் வேண்டும். அதையும் பாருங்கள்.

வான்வழி எழுதியது:

மாலைநேரம் கேட்டதற்கு விமானத் துறையில் நேரடியான பதில் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1978 டிசம்பர் 28. யுனைடெட் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் 173-ஆம் விமானம் போர்ட்லாண்டில் இறங்க வேண்டும். சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதா என்று சந்தேகம். கேப்டன் சுமார் ஒரு மணி நேரம் வானிலேயே சுற்றிக்கொண்டு அந்தக் கோளாறையே பார்த்துக்கொண்டிருந்தார். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. கூட இருந்தவர்களுக்கு அது தெரியும். எவ்வளவு மிச்சம் என்ற பேச்சும் வந்தது. ஆனால் 'உடனே இறங்கியே ஆகவேண்டும்' என்று யாரும் அழுத்திச் சொல்லவில்லை, சொன்ன அளவும் கேப்டன் மனதில் ஏறவில்லை. எஞ்சின்கள் அணைந்து விமானம் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு நாசா நடத்திய கருத்தரங்கில் விமானக் குழுவினரை ஒன்றாக இயங்கப் பழக்கும் பயிற்சி முறை உருவானது. யுனைடெட் நிறுவனம் 1981-இல் அந்தப் பயிற்சியைத் தொடங்கியது.

இப்போது 1989 ஜூலை 19. அதே நிறுவனத்தின் 232-ஆம் விமானம். வால் பகுதி எஞ்சின் உடைந்து சிதறி, விமானத்தைத் திருப்ப உதவும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் போய்விட்டன. அப்படி ஒரு நிலைமைக்குச் செய்முறைப் புத்தகத்தில் வழியே இல்லை. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் என்ன செய்தார்? மற்ற விமானிகளுக்குப் பயிற்சி தரும் விமானி ஒருவர் பயணியாக வந்திருந்தார்; அவர் உதவ முன்வந்ததும், அவரை உள்ளே அழைத்து எஞ்சின் விசையையே அவர் கையில் கொடுத்தார். விமானி அறையில் இருந்த நான்கு பேரும் பேசிப் பேசி, எஞ்சின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்து விமானத்தைச் சூ சிட்டி ஓடுபாதை வரை கொண்டுவந்தார்கள். தரையில் மோதியபோது உடைந்தது, ஆனால் 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அந்தப் பயிற்சி இல்லாமல் இது நடந்திருக்காது என்று ஹெய்ன்ஸ் பிறகு ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்.

கவனியுங்கள், அங்கே ஓட்டெடுப்பு எதுவும் நடக்கவில்லை. முடிவு கேப்டனுடையதுதான். கேட்பதும் தீர்மானிப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. நெருக்கடியில் சட்டென்று தீர்மானிக்க வேண்டுமானால், உண்மை நிலவரம் சட்டென்று வந்து சேரவேண்டும். சாதாரண நாட்களில் எதிர்க்கருத்துக்கு முகம் சுளிக்காதவருக்குத்தான் அது வந்து சேரும். நல்ல கேப்டன்கள் கிளம்புவதற்கு முன்பே, 'நான் எதையாவது தவறவிட்டால் உடனே சொல்லுங்கள்' என்று துணை விமானியிடம் சொல்லிவிடுவார்கள். எந்தப் பிரச்சினையும் இல்லாத நாளிலும் சொல்வார்கள்.

மாலைநேரம் எழுதியது:

232 பற்றித் தெரியாது. நன்றாக விளக்கினீர்கள், நன்றி. தீர்மானிக்கத் தெரியவேண்டும் என்பதில் மட்டும் நான் அசைய மாட்டேன்.

நடைவண்டி எழுதியது:

இவ்வளவு அக்கறையாக எழுதிய எல்லாருக்கும் நன்றி. யார் நன்றாகப் பேசுகிறார் என்பதை இனி கணக்கில் எடுக்கப் போவதில்லை. குழுவில் உள்ள ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒரே கேள்வி கேட்கப் போகிறேன். வேலையில் ஏதாவது தப்பாகப் போனால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்? அக்காவின் கேள்விதான்.

வார்டுவிளக்கு எழுதியது:

கேளுங்கள் தம்பி. கூடவே 'ஏன் அவரிடம்?' என்றும் கேளுங்கள். 'திட்ட மாட்டார்' என்ற பதில் மட்டும் வந்தால் போதாது. 'திட்ட மாட்டார், ஆனால் சரிசெய்யும்வரை விடவும் மாட்டார்' என்று வரவேண்டும். மாலைநேரம் கவலைப்படுவது அதைப் பற்றித்தான்.

தனிமரம் எழுதியது:

வான்வழி, ஒரு சந்தேகம். துணை விமானிகளுக்கு எப்படிச் சொல்லவேண்டும் என்றும் பயிற்சி தருவார்களா? எனக்கு விஷயம் தெரிந்தும் வாய் வராது, அதனால் கேட்கிறேன்.

வான்வழி எழுதியது:

தருவார்கள். படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டும் முறை. முதலில் வெறும் கேள்வி. 'எரிபொருள் எவ்வளவு இருக்கிறது, பார்த்தீர்களா?' பதில் வராவிட்டால் எச்சரிக்கை. 'இந்த அளவு போதாது என்று எனக்குப் படுகிறது.' அதற்கும் அசையாவிட்டால் நேரடியான மறுப்பு. 'இப்போதே இறங்காவிட்டால் ஓடுபாதைக்குப் போய்ச்சேர மாட்டோம்.' கடைசிப் படி, பாதுகாப்புக்காகத் தானே செயலில் இறங்குவது. முதல் படிக்குத் தைரியமே தேவையில்லை, கேள்விதானே. அலுவலகத்தில் பெரும்பாலான விஷயங்கள் முதல் இரண்டு படிகளிலேயே முடிந்துவிடும். அடுத்த மீட்டிங்கில் சொல்ல நினைப்பதைக் கேள்வியாக மாற்றி முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், முதல் ஐந்து நிமிடத்துக்குள் கேட்டுவிடுங்கள். நேரம் ஆக ஆகத்தான் வாய் கட்டிக்கொள்ளும்.